லயத்து வாசலில் சிறுதேர்

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தைக்கு வகுத்த 10 பருவங்களில், ஆண்பிள்ளைக்கென ஒதுக்கிய கடைசி மூன்றும் விளையாட்டுகளே. சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல். பெண்பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல். தெய்வத்தையும் அரசனையும் பாட வந்த இலக்கியம், அவர்கள் கையில் ஒரு விளையாட்டுப் பொருளைக் கொடுத்த பின்னரே நிறைவு பெற்றது. அதற்கும் நெடுங்காலம் முன்னதான பட்டினப்பாலையில் ஒரு காட்சி வருகிறது. முற்றத்தில் உலரும் உணவைக் கொத்த வந்த கோழியைத் துரத்துவதற்குப் பெண்கள் காதுக்குழையைக் கழற்றி எறிகிறார்கள். அந்தப் பொற்குழை, சிறுவர் உருட்டி வரும் மூன்று சக்கரச் சிறுதேரின் வழியை மறித்துக் கிடக்கிறது. புலவர் காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வத்தைச் சொல்ல வந்தார். நமக்குக் கிடைத்த இலாபம் அந்தத் தேர்.

நேயர்களே, அந்தச் சிறுதேரைக் கண்டியைச் சூழ்ந்த மலைகளில் தேடிப் பார்ப்பதே இன்றைய உரையின் நோக்கம். ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, மடுல்கலை, ரங்கலை என்று நீளும் தேயிலைத் தோட்டங்களில் அது பொன்னை மோதி நிற்கவில்லை. அது செய்யப்பட்ட விதத்தைக் கேளுங்கள். கட்டிப்பால் பேணி ஒன்றை நீளவாக்கில் வெட்டி விரித்து மடித்தால் லொறியின் பெட்டி. உடைந்த குடையின் கம்பி அச்சு. தேய்ந்துபோன இறப்பர்ச் செருப்பை வட்டமாக அரிந்தால் சக்கரம். செருப்பு அகப்படாத நாட்களில் சோடா மூடி. முன்னால் ஒரு சணல் கயிறு. இந்த லொறியில் ஏறும் சரக்கு பெரும்பாலும் ஒன்றுதான்: ஒரு கைப்பிடி தேயிலைக் கொழுந்து. லயத்து வாசலில் ஏற்றப்பட்டு, வாய்க்கால் ஓரத்துக் கல் ஒன்றை ‘ஸ்டோர்’ என்று வைத்துக்கொண்டு அங்கே இறக்கப்படும். நிறுவையும் நடக்கும். நிறுப்பவனாக நிற்கும் பையன் கொழுந்தில் ஈரம் என்று சொல்லி இரண்டு இறாத்தலைக் கழித்துவிடுவான். பெரியவர்களின் உலகத்தில் எந்த அநீதி நாள்தோறும் நடக்கிறது என்பதைப் பிள்ளைகள் எவ்வளவு நுட்பமாகக் கவனிக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

பொதுவாக நாம் விளையாட்டுப் பொருளை வரலாற்றுச் சான்றாக எண்ணுவதில்லை. கல்வெட்டு, செப்பேடு, ஒப்பந்தம், சட்டம் இவையே சான்றுகள் என்று பழகிவிட்டோம். ஆனால் தம் பெயரில் ஒரு துண்டுக் காணியும் இல்லாத மக்கள், தங்கள் கையால் தங்களுக்கென்றே செய்துகொண்ட பொருள்கள் எவை என்று தேடினால் பட்டியல் மிகச் சிறியது. அந்தப் பட்டியலில் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளுக்கு முதல் இடத்தில் ஒன்று உண்டு என்பது என் கருத்து.

இந்தப் பிள்ளைகள் எப்போது இந்த மலைக்கு வந்தார்கள்? 1823ஐத் தொடக்கமாகக் கொண்டு, மலையக மக்கள் வருகையின் 200 ஆண்டுகள் 2023இல் நினைவுகூரப்பட்டன. தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நடைபயணமும் நிகழ்ந்தது. ஆயினும் அந்த 200 ஆண்டுகளையும் பிள்ளைகளின் கணக்கில் சேர்க்க முடியாது. கோப்பிக் காலத்தில் வந்தவர்களிற் பெரும்பாலோர் ஆண்கள். கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்கு நடந்து வந்து, வேலை முடிந்ததும் ஊர் திரும்பியவர்கள். கோப்பிக்கு வேலை பருவ வேலை. தேயிலை அப்படியல்ல, ஆண்டு முழுவதும் துளிர்க்கும், ஆண்டு முழுவதும் கை கேட்கும். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் தெல்தோட்டைப் பக்கத்து லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869 முதல் இலைநோய் கோப்பியை அழித்தது. அதன் பின்னரே திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து குடும்பங்கள் பெருமளவில் வந்து நிலைத்தன. கோப்பி ஆள்களை அழைத்தது. தேயிலை தாய்மாரையும் பிள்ளைகளையும் அழைத்தது. பல்லாங்குழியும் கிட்டிப்புள்ளும் கல்லாங்காயும் இந்த மலைகளில் லயத்து வாசலைக் கண்டது அப்போதுதான். தமிழ்நாட்டுக் கிராமங்களில் இலங்கை முழுவதையுமே ‘கண்டி’ என்றும் ‘கண்டிச் சீமை’ என்றும் சொல்லும் வழக்கும் இந்தப் போக்குவரத்தின் எச்சமே.

வந்த பிள்ளைகள் விளையாட்டே இல்லாத நாட்டுக்கு வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1660இல் சிறைப்பட்டு ஏறத்தாழ 19 ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தமது நூலில், இம்மக்களிடம் விளையாட்டுகள் குறைவு, புத்தாண்டில் மாத்திரம் களிப்பர், அப்போது தேங்காயோடு தேங்காயை மோதவிட்டு எது வலியது என்று பார்ப்பது அவர்களின் முதன்மையான ஆட்டம் என்ற கருத்தில் எழுதினார். விளையாட்டுகள் குறைவு என்று அவர் சொன்னது எனக்கு வியப்பளிக்கவில்லை. பெரியவர்களின் ஆட்டத்தை மட்டுமே ஆட்டமாகக் கருதிய பலரில் அவரும் ஒருவர். ஆனால் அந்தத் தேங்காய் நமக்குப் பழக்கமானது. சிங்களத்தில் ‘பொரபொல்’, யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் ‘போர்த்தேங்காய்’. முன்பாதி ஒன்றேபோல் ஒலிப்பதைக் காது தானாகவே கேட்டுக்கொள்கிறது.

அதுபோன்ற வேறு ஒலிகளும் உண்டு. நம் ஊஞ்சல் அங்கே ‘ஒஞ்சில்லா’. சித்திரைப் புத்தாண்டுக்குக் கட்டும் சுழல் ஊஞ்சல் ‘கத்துரு ஒஞ்சில்லா’. ‘கத்துரு’ என்றால் கத்தரி. பம்பரம் அங்கே ‘பம்பரய’. குன்றிமணிக்குச் சிங்களத்தில் ‘ஒலிந்த’ என்று பெயர். அந்த மணிகளைக் குழிப்பலகையில் இட்டு ஆடும் ஆட்டம் ‘ஒலிந்த கெலிய’. நம் பல்லாங்குழியின் உடன்பிறப்பு. மரத்தில் பூவேலை செதுக்கிய பழைய ஒலிந்தப் பலகைகளைப் பார்த்தவர்கள், இது பொழுதுபோக்குக்குச் செய்ததா, சீதனத்துக்குச் செய்ததா என்று ஐயுறுவார்கள். கிட்டிப்புள் அங்கே ‘குடு’. தோற்றவன் மூச்சை விடாமல் அந்தப் பெயரையே உச்சரித்துக்கொண்டு ஓட வேண்டும். நம் பிள்ளைகளும் மூச்சுவிடாமல் பாடிக்கொண்டுதான் ஓடினார்கள்.

எந்த மொழி எந்த மொழிக்குக் கொடுத்தது என்ற வழக்கை இங்கே நான் எடுக்கவில்லை. அதற்கு மொழியறிஞர் இருக்கிறார்கள்; அவர்களுக்குள்ளும் வழக்கு உண்டு. 1739 முதல் 1815 வரை கண்டியில் முடிசூடியவர்கள் தென்னாட்டு நாயக்கர் வழியினர் என்பதையும், 1815 ஒப்பந்தத்தில் கண்டிப் பிரதானிகள் சிலர் தமிழ் எழுத்தில் ஒப்பமிட்டிருப்பதையும் நினைவூட்டினால் போதும். முதல் தேயிலைச் செடிக்கு முன்னரே இரு பக்கத்துப் பிள்ளைகளும் உறவினராகத்தான் இருந்தார்கள்.

சிங்கள விளையாட்டுகளுக்கு எழுத்தாளர் கிடைத்தார்கள். லியோபோல்ட் லுடோவிசி 1873இல் அவற்றைப் பற்றி அரச ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் எழுதினார். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பணியாற்றிய ஹென்றி பாக்கர், 1909இல் வெளியிட்ட ‘பண்டைய இலங்கை’ என்ற ஆங்கில நூலில் பழைய விளையாட்டுகளுக்கென ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். குளங்களை அளக்கப் போன மனிதர், பாறையில் கீறியிருந்த ஆட்டக் கட்டங்களையும் அளந்துகொண்டு வந்தார். மிகிந்தலைப் படிக்கட்டில் ‘நெரெஞ்சி’ ஆட்டத்தின் கட்டம் செதுக்கப்பட்டிருப்பதை அவர் குறித்திருக்கிறார். நெரெஞ்சி என்பது நம் நெருஞ்சிச் செடிக்கும் சிங்களப் பெயர். படிக்கட்டைத் திருத்திய கற்தச்சர் கீறியது என்று அவர் அதற்குப் பெரும் பழமை கற்பித்தார். அதில் எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. படி எப்போது போடப்பட்டது என்பதை ஆராயலாம். அதில் யாரோ இளைப்பாறும்போது கோடு கீறியது எந்த நூற்றாண்டு என்று கல் சொல்லாது. நம் ஆடுபுலி ஆட்டத்தின் இனத்தைச் சேர்ந்த ‘திவியன் கெலிய’, அதாவது சிறுத்தைகளின் ஆட்டமும் அவருடைய நூலில் உண்டு. இலங்கைக் காட்டில் வேங்கைப்புலி இல்லையல்லவா? தோட்டத்துப் பிள்ளை மட்டும் தான் ஒருபோதும் காணாத புலியையே கட்டத்தில் வைத்து ஆடிற்று.

தோட்டத்துப் பிள்ளையின் ஆட்டத்தை அளக்க எந்தப் பொறியியலாளரும் வரவில்லை. பாடல்களுக்கு நல்வினை இருந்தது. சி. வி. வேலுப்பிள்ளையின் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1983இல் நூலாயிற்று. சாரல்நாடன் போன்றோரும் வாய்மொழி இலக்கியத்தைத் தேடி உழைத்தார்கள். பாடல் வாயிலிருந்து ஏட்டுக்கு ஏறிவிடும். பேணி லொறி அப்படியல்ல. மழையில் துருப்பிடித்தால் அதன் கதை முடிந்தது.

இதில் உலகத்துக்கும் நமக்கும் பெரிய வேறுபாடு இல்லை. சீனத்தில் சோங் அரசர் காலத்தில், 12ஆம் நூற்றாண்டில், சு ஹான்சென் என்ற ஓவியர் இலையுதிர்காலத் தோட்டமொன்றில் ஓர் அக்காவும் தம்பியும் குனிந்து விளையாடுவதைப் பட்டில் தீட்டினார். தைபே அரண்மனை அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. அவர்கள் கையில் இருப்பது இலந்தைப் பழமும் மெல்லிய குச்சியும் கொண்டு செய்த சுழலி. பாதி அரிந்த பழத்தின் கொட்டை மேல், இரு முனையிலும் பழம் குத்திய குச்சியை நிறுத்தித் தள்ளினால் அது செக்குப்போல் சுற்றும். செலவு ஒன்றும் இல்லை. 1560இல் பிரேகல் என்ற பிளெமிஷ் ஓவியர் ஒரே பலகையில் ஏறத்தாழ 80 விளையாட்டுகளை வரைந்தபோது அதிலும் பெரும்பகுதி பீப்பாய் வளையமும் எலும்புத் துண்டும்தான். ஏழை வீட்டிலும் மாளிகை முற்றத்திலும் பிள்ளை தேடுவது ஒன்றே: உருளுவது, சுழல்வது, ஒலிப்பது. மாளிகைப் பிள்ளைக்கு ஓவியர் இருந்தார்.

கண்டித் தோட்டங்களில் இந்தத் தேடல் எந்த வழியில் போயிற்று என்பதைத் தீர்மானித்தவை இரண்டு. ஒன்று நிலம். கிளித்தட்டுக்குக் கோடு கீறச் சமதரை வேண்டும். லயத்து வாசல், பிரட்டுக்களம், கோயில் முன்றல் இவற்றைத் தவிர சமதரை எங்கே? மற்றதெல்லாம் சரிவு. ஆகவே சரிவுக்கேற்ற ஆட்டங்கள் செழித்தன. டயரை உருட்டிவிட்டு அதன் பின்னால் ஓடுவது. பலகை வண்டியில் குந்திக்கொண்டு இறங்குவது. எல்லாவற்றிலும் சிறந்தது பாக்கு மட்டை. காய்ந்து விழுந்த கமுகம் பாளையின் அகன்ற அடியில் ஒரு பிள்ளை அமர, இன்னொன்று ஓலை முனையைப் பிடித்து இழுக்கும். ஆனால் கமுகு தோட்டத்தில் அரிது. கீழேயுள்ள சிங்களக் கிராமத்தில்தான் நிறைய உண்டு. மட்டை வேண்டுமென்றால் வேலியைத் தாண்ட வேண்டும். வேலிக்கு அப்பாலுள்ள பையனிடம் கேட்க வேண்டும். அவனுக்குத் தேவையான ஏதேனும் நம்மிடம் இருக்கவும் வேண்டும்.

இருந்தது. தேயிலை மிலாறு. கவ்வாத்து வெட்டி முடிந்த மலையில் கிடக்கும் அந்தக் கிளைகள் விறகுக்கு மட்டுமல்ல. தேயிலை மரம் வைரம் பாய்ந்தது. கிட்டிப்புள்ளுக்கும் பம்பரத்துக்கும் கவண் கவட்டைக்கும் அதைப்போல வேறில்லை. ஸ்டோரிலிருந்து கழியும் தேயிலைப் பெட்டியின் மெல்லிய பலகையும், உள்ளே ஒட்டிய பளபளக்கும் ஈயத்தாளும், விளிம்பில் அறைந்த தகரப் பட்டியும் அடுத்த செல்வங்கள். தகரப் பட்டி வாளாகும். ஈயத்தாள் காமன் கூத்துக்கு முடியாகும். பிறகு தேயிலைக் கொட்டை. கோலிக்குண்டு அளவில் உருண்டையாக, பழுப்பாக இருக்கும். குண்டுக்கும் ஆகும், பல்லாங்குழிக்கும் ஆகும். கவ்வாத்து வெட்டும் செடி காய்ப்பது குறைவு. கொட்டைக்காக வளரவிட்ட மரங்களிலிருந்துதான் அது உதிரும். தேயிலை ஆராய்ச்சி நிலையம் நல்ல இனங்களைத் தேர்ந்தெடுத்து, 1950களுக்குப் பின் கிளைத்துண்டு நாற்று பரவியதும் விதைக்காகக் கொட்டை தேடும் அவசியம் குறைந்தது. விவசாய வரலாற்றில் அது முன்னேற்றம். லயத்து வாசலில் ஒரு விளையாட்டுச் சாமான் அருகிப் போனது.

இரண்டாவது, நேரம். விடியுமுன் தப்பு அடித்துப் பிரட்டுக்கு ஆள் கூட்டிய மலை இது. சிறுபறைப் பருவத்துக்குரிய பிள்ளை பேணியைக் கவிழ்த்து வைத்து முழக்கியதும் அதே தாளந்தான். 1907இன் கிராமப் பாடசாலைச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு 6 முதல் 10 வயதுவரை படிப்புக்கு வழிசெய்யச் சொன்னது. பத்துக்குப் பின்? 1927இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி, சிறுவருக்கு ஒரு கூலி என்று மூன்று நிரல் வந்தது. சிறுவர் என்ற அந்த மூன்றாவது நிரலை எத்தனை முறை பார்த்தாலும் மனம் ஒப்புவதில்லை. சிறுதேர் உருட்டிய கை, அடுத்த ஆண்டில் களை பிடுங்கிய கை.

பெண்பிள்ளைக்கு இந்த நேரமும் இல்லை. தாய் மலைக்குப் போனால், பிள்ளை மடுவத்தில் விடாத தம்பியோ தங்கையோ இடுப்பில் இருக்கும். ஓடியாடும் விளையாட்டு அவளுக்கு ஆகாது. இஸ்தோப்பில் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையை மடிக்கு அருகே விட்டுக்கொண்டு ஆடக்கூடியது கல்லாங்காய். யாழ்ப்பாணத்தார் கொக்கான் என்பார்கள். ஐந்து கல், ஒரு கை; மற்றக் கை குழந்தையைப் பிடித்திருக்கலாம். இதைப் பெண்களின் விளையாட்டு என்று நூல்களில் வகைப்படுத்திவிடுகிறோம். அவளுக்குப் பெண் இயல்பால் வந்த விருப்பமா, இடுப்பிலிருந்த பாரத்தால் வந்ததா என்று கேட்டவர் குறைவு.

சிற்றிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மழை விட்ட மாலையில் ஈர மண்ணைக் குழைத்துப் பிள்ளைகள் வீடு கட்டுவார்கள். தோட்டத்துப் பிள்ளை கட்டும் வீட்டைக் கூர்ந்து பார்த்தால் அது வீடல்ல, லயம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள்; முன்னால் நீண்ட இஸ்தோப்பு. 10 அடிக்கு 12 அடிக் காம்பராவில் பிறந்த பிள்ளைக்கு வீடு என்றால் அதுதான் வடிவம். பிள்ளைத்தமிழில் சிற்றிலைச் சிதைக்காதே என்று சிறுமியர் கெஞ்சுவது குறும்புக்கார இளவரசனிடம். இங்கே சிதைக்க வேறு கைகள் இருந்தன. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். காணியைப் பங்கிடுவதுபோல் ஆளைப் பங்கிட்ட கணக்கு. தலைமன்னார்க் கப்பலுக்குப் போன குடும்பங்களின் பிள்ளைகள் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ‘சிலோன்காரர்’ ஆனார்கள். இங்கே கிட்டி அடித்தவனின் எதிர்க்கட்சி அங்கே போய்விட்டது. 1977, 1981, 1983 வன்செயல்களுக்குப் பின், பாக்கு மட்டைக்காக வேலியைத் தாண்டிய பாதையிலும் பல இடங்களில் புல் முளைத்தது.

1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் கண்டி நகர நடைபாதைகளில் பிளாஸ்டிக் விளையாட்டுச் சாமான் குவிந்தது. பிற்காலத்தில் அதில் பெரும்பகுதி சீனத்திலிருந்து வந்தது. இலந்தைப் பழத்தில் சுழலி செய்த அதே நாடு. அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. சம்பள நாளில் தகப்பன் வாங்கி வந்த சிவப்புக் காரைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு உறங்கிய பிள்ளையிடம் போய், பேணி லொறியே மேலானது என்று உபதேசிப்பது பெரியவர்களுக்கு அழகல்ல. வறுமையில் செய்ததை வறுமையே அழகு என்று காட்டும் பழக்கம் இலக்கியக்காரர்களிடம் சற்று அதிகம். நான் கேட்பது வேறு. பேணியை எந்த இடத்தில் வெட்டினால் மூலை கிழியாமல் மடியும், குடைக்கம்பி அச்சு கழலாதிருக்க எத்தனை சுற்று நூல் வேண்டும், எந்தப் பருவத்து மிலாறு பம்பரத்துக்கு வெடிக்காது என்பவற்றை அறிந்த கைகள் இன்னும் சில நம் லயங்களில் இருக்கின்றன. அவர்களுக்கு இன்று எழுபதும் எண்பதும் வயது. இப்படிப்பட்ட விவரங்களைப் பதிவு செய்யப் பேராசிரியர் தேவையில்லை. தோட்டப் பாடசாலை மாணவர் ஒருவரும் ஓர் அப்பியாசக் கொப்பியும் போதும். தாத்தாவும் அப்பாயியும் பேசத் தயாராகவே இருக்கிறார்கள். பாக்கர் பாறையில் கண்ட கோடுகளை அளந்ததுபோல, செய்து காட்டச் சொல்லி, அளந்து, வரைந்து வைக்க வேண்டும்.

சாமானுக்கும் பஞ்சமில்லை. ஹந்தானைச் சரிவுகளிலும் நக்கிள்ஸ் மலையடிவாரத்திலும் கைவிடப்பட்ட தேயிலை மலைகள் உண்டு. கவ்வாத்துக் கத்தி படாத செடிகள் அங்கே மரமாக வளர்ந்து நிற்கின்றன. காய் வெடித்துக் கொட்டை கீழே உதிர்ந்து கிடக்கிறது; பொறுக்குவார் இல்லை. பல்லாங்குழிக்கு 14 குழி. குழிக்கு ஆறு போடுவோரும் உண்டு. எங்கள் பக்கத்தில் ஐந்து. ஆக 70 கொட்டை. ஒரு சட்டைப் பையில் அடங்காது, இரண்டில் அடங்கும்.